ஜெரோமின் வீட்டுக்கு நான் எடுத்த கோல்

விடுதிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி வளாகத்தில் இருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்ற நாளில் இருந்து நான் அதிகாரம் பண்ணுவதற்கு வீட்டில் ஆறு கோழிகளைத் தவிர வேறு ஆளில்லை. அவையும் சொல்வழி கேட்பதில்லை. அதனால் கேட்டவுடனேயே சம்மதித்துவிட்டேன்.

பதிவேடு நிரப்புவது எப்படி, தண்ணீர் மோட்டர் நின்றுபோனால் யாரைப் பிடிப்பது, குசினியில் பருப்புக் கறி தண்ணீராக வந்தால் யாரை ஏசுவது என்பதெல்லாம் ஒரு கிழமையில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு விட்ட பிழை. நீங்களும் நல்லவர்களாகத்தான் இருப்பீர்கள் என்பதால் எனக்கு உங்களை நினைத்துப் பயமாக இருக்கிறது.

நான் பெண்கள் விடுதியில் சப்-வோடன். பிள்ளைகளோடு அதே கட்டடத்தில் தங்கி, சாப்பிட்டார்களா, சுகமாக இருக்கிறார்களா, ஆறரைக்கு முன் கேற்றுக்குள் வந்தார்களா என்று பார்க்கிற ஆள். எனக்கு மேலே வோடன் என்று ஒரு விரிவுரையாளர் இருந்தார். அவர் கையெழுத்து வைப்பார், நான் கத்துவேன். பிள்ளைகள் முகத்துக்கு நேரே என்னை அன்ரி என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சிசிடிவி என்பார்கள். எனக்கு அது தெரியும் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த அம்மா வேலையை ஒப்படைக்கும்போது ஒரேயொரு புத்தி சொன்னார். "பிள்ளையிலை ஏதும் வித்தியாசம் கண்டால் யோசிச்சுக்கொண்டு இராதை. உடனை வீட்டுக்குப் போனிலை ஒரு கோல் எடு. அதுக்குப் பிறகு பொறுப்பு அவையின்ரை." எனக்கு அது பொன்னான புத்தியாகப் பட்டது. காய்ச்சல் என்றால் கோல். இரண்டு நேரம் சாப்பிடவில்லை என்றால் கோல். ஒரு பெடியனோடு பரந்தன் சந்தியில் ஐஸ்கிரீம் குடித்ததாகக் கேள்விப்பட்டாலும் கோல். ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் முதல் தாளிலேயே வீட்டு இலக்கம் இருக்கும், அந்தக் கோப்புகள் என் கைக்கு எட்டுகிற தட்டில்தான் இருந்தன. கிழமைக்கு ஒரு பெற்றோரையாவது கலங்கடிக்காவிட்டால் எனக்கு வேலை செய்த மாதிரியே இருக்காது.

ஜெரோம் வந்தது இந்த லட்சணத்தில் நான் இருந்த காலத்தில்தான். முல்லைத்தீவுக் கரையில் ஒரு கத்தோலிக்கக் கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழகப் பதிவில் ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருந்தது, அதனால் எங்கள் விடுதியில் இடம் கொடுத்திருந்தோம். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவனுக்கு அது விருப்பமில்லை, உங்களுக்கும் அது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நாட்களில் நானும் அவனை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டேன், பெண்பிள்ளை என்றுதான் நினைத்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆள் பெரிதாகக் கதைக்கமாட்டான். ஆனால் மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரன். நான் இல்லாத நேரம் என் குரலிலேயே "ஆரடி அங்கை லைட்டை நூக்காமல் போனது?" என்று கத்துவான். மேல்மாடியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் விழுந்தடித்து ஓடிப் போய் லைட்டை நிறுத்துவார்கள். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் குரல் வெளியே கேட்டு நானே திடுக்கிட்டேன். ஏசினேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புத்தான்.

இரண்டாம் வருடத்தில் ஒரு வியாழக்கிழமை, அடுத்த திங்கள் செமஸ்டர் பரீட்சை தொடங்க இருந்தது. பின்னேரம் நாலு மணியளவில் அவனுடைய அறைத்தோழி சுகந்தி என் அறைக்கு ஓடி வந்தாள்.

"அன்ரி, என்னை ஏசாதேங்கோ. கேட்டபடியால்தான் வெட்டினனான்."

"என்னத்தையடி வெட்டினனி?"

"தலைமயிரை."

உடுப்புத் தோய்க்கிற இடத்துக்குப் போனேன். கல்லின் மேல் இடுப்பளவு நீளத்தில் ஒரு பின்னல், அடியில் போட்ட ரப்பர் வளையமும் கழற்றாமல் கிடந்தது. கவிழ்த்த வாளியின் மேல் ஜெரோம் இருந்தான். கடதாசி வெட்டுகிற கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள், எலி கடித்த பாய் மாதிரித் தலை. ஆனால் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் கண்டதில்லை.

என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். நீளத் தலைமயிரை ஒரு பிள்ளை வெட்டினால் காதல் தோல்வி என்பது என் அனுபவ முடிவு. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டேன்.

"பயப்பிடாமல் சொல்லு. ஆர் அந்தப் பெடியன்?"

அவன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அன்ரி, அந்தப் பெடியன் நான்தான்."

பிறகு எல்லாம் சொன்னான். சின்ன வயதில் இருந்தே தனக்குத் தன்னைப் பெடியனாகத்தான் தெரியும் என்றும், பார்க்கிறவர்களுக்காகப் பெண்பிள்ளையாக நடித்து நடித்துக் களைத்துப்போனதாகவும் சொன்னான். திருநம்பி என்கிற சொல்லை ஒரு பிள்ளையின் வாயால் நான் முதன்முதல் கேட்டது அன்றைக்குத்தான். தனக்கு ஜெரோம் என்று பெயர் வைத்திருப்பதாகவும் சொன்னான். ஏன் ஜெரோம் என்று கேட்டேன்.

"எங்கடை சேர்ச்சிலை அந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லை அன்ரி. எனக்கெண்டு ஒண்டு இருக்கட்டும் எண்டுதான்."

பெயர் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. எங்கள் குடும்பம் மலையகத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பம். அம்மா எனக்கு ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்க, பள்ளிக்கூடத்தில் என்னை இளக்காரமாகத் தோட்டக்காடு என்றுதான் கூப்பிட்டார்கள். தன்னுடையதல்லாத பெயருக்கு 'ஓம்' என்று எழும்பி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னது முழுக்க விளங்காவிட்டாலும் அந்த இடம் மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

போகும்போது கதவடியில் நின்று சொன்னான். "அன்ரி, இதை ஒண்டிலையும் எழுதி வைக்காதேங்கோ."

"சீச்சீ, எழுதமாட்டன். நீ போய்ப் படி."

எழுதவில்லைத்தான். ஆனால் அடுத்த நாள் காலை, கை தன்பாட்டில் தட்டுக்குப் போய்க் கோப்பை எடுத்துவிட்டது. எழுதாதே என்றுதானே சொன்னான், சொல்லாதே என்று சொல்லவில்லையே என்று என் மனம் எனக்காக வக்கீல் வேலை பார்த்தது. பின்னலை வெட்டின பிள்ளை அடுத்து என்ன செய்யுமோ என்று பயம். ஏதாவது நடந்தால் என்னைக் கேட்பார்களே என்று அதைவிடப் பெரிய பயம். அப்போது அதற்கு நான் வைத்திருந்த பெயர் அக்கறை.

தாய் எடுத்தா. பின்னால் காற்று இரைந்தது. நான் சத்தமாகவே சொன்னேன். "பிள்ளை தலைமயிரைக் கட்டையா வெட்டிப்போட்டா. தான் பெண்பிள்ளை இல்லையாம், பெடியனாம். மனம் குழம்பிக் கிடக்குது போல. ஒருக்கா வந்து பாருங்கோ."

தாய்க்குப் பதிலாக "வாறம்" என்று ஒரு ஆண்குரல் சொன்னது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு விடுதி வாசலில் ஒரு வான் வந்து நின்றது. தாய், தகப்பன், தாய்மாமன் மூன்று பேரும் இறங்கினார்கள். மாமன்தான் வானை ஓட்டி வந்தவர். இறங்கும்போதே கதையைத் தொடங்கிவிட்டார்.

"பெண்பிள்ளை இல்லையாம், பெடியனாம்! படிக்க விட்டதுக்கு நல்ல பரிசு. மிஸ், பிள்ளையைக் கூப்பிடுங்கோ. வவுனியாவிலை நல்ல இடம் ஒண்டு வந்து நிக்குது. கொண்டுபோய்க் கட்டிக் குடுத்தால் எல்லாம் சரிவரும்."

நான் சொன்ன வசனம் அப்படியே அவர் வாயில் வந்தது. தாயைப் பார்த்தேன். அவா தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னா. "ஸ்பீக்கரிலை போட்டனான் மிஸ். கரையிலை நிண்டனாங்கள். காத்துக்குக் காதிலை வைச்சால் ஒண்டும் கேளாது."

கடற்கரைக் குடும்பங்களுக்கு நான் எத்தனை தரம் கோல் எடுத்திருப்பேன்! ஒவ்வொரு தரமும் அந்தக் காற்றைக் கேட்டிருக்கிறேன். தொலைபேசியை நடுவில் வைத்து நாலு பேர் சுற்றி இருந்து கேட்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு பிள்ளை எனக்கு மட்டும் சொன்னதை நான் கரையோர மீன்வாடியில் நின்ற எல்லோருக்கும் ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லிப் பெற்றோர் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் இருவர் அதற்கு முன் என் விடுதியில் இருந்தார்கள். இருவரும் திரும்பி வரவில்லை. ஒரு பிள்ளையின் பாய் தலையணையை நான்தான் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். அந்த வான் ஜெரோமோடு திரும்பினால் திங்கட்கிழமைப் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை, அடுத்த மாதம் அவனுக்குச் சேலை கட்டி ஒரு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு அச்சொட்டாகத் தெரிந்தது.

அவர்களைப் பார்வையாளர் அறையில் இருத்திவிட்டு மேலே ஓடினேன். ஜெரோம் யன்னலால் வானைக் கண்டுவிட்டான். கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

"நான்தான் கோல் எடுத்தனான்" என்றேன்.

ஏசுவான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு மட்டும்தான் அன்ரி சொன்னனான்" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, என் வேலைக் காலத்தில் எந்தப் பிள்ளையிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "இப்ப நான் என்ன செய்ய? நீ சொல்லு, அதைச் செய்யிறன்."

அவனுக்குள் இருந்த கெட்டிக்காரன் எழும்பி வந்தான். "மாமா பக்கத்திலை நிண்டால் அப்பா மாமா சொல்லுறதுக்குத்தான் தலையாட்டுவார். மாமாவைக் கொஞ்ச நேரம் எங்கையாவது அனுப்புங்கோ. அப்பாவோடை நான் கதைக்கிறன். நீங்கள் பக்கத்திலை இருங்கோ, எனக்குத் துணிவா இருக்கும். ஆனால் வாய் திறக்கக்கூடாது."

"ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்."

"உங்களாலை ஏலுமோ அன்ரி?" என்று கேட்டான். அந்த நேரத்திலும் அவனுக்கு என்னைப் பகிடி பண்ண முடிந்தது.

கீழே வந்தேன். பிள்ளைகள் பயப்படுகிற சிசிடிவி முகத்தைப் போட்டுக்கொண்டேன். விடுதிச் சட்டப் புத்தகம் என்று ஒன்று உங்களுக்கும் தந்திருப்பார்கள். அதைப் பிள்ளைகளை மடக்குவதற்கே நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வார நாளில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போவதென்றால் விடுப்புப் படிவம் வேண்டும், அதில் முதல் கையெழுத்துப் பிள்ளையுடையது. வெளி வாகனம் விடுதி வாசலில் நிற்பதென்றால் நிர்வாகக் கட்டடத்தில் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்தை வளாகம் திறந்த நாளில் இருந்து யாரும் கடைப்பிடித்ததில்லை.

"ஐயா, வான் இஞ்சை நிக்கேலாது. துண்டு எடுத்தனீங்களோ?"

"என்ன துண்டு? தேப்பன் வந்து நிக்கிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு என்ன துண்டு?"

"ஜனாதிபதி வந்தாலும் துண்டு துண்டுதான். அந்தா, அந்த வெள்ளைக் கட்டடம். துண்டில்லாத வான் அங்கை போகேலாது, நடந்துதான் போகவேணும். ஆள் ஒரு வேளை வெளியிலை போயிருப்பார், இருந்து எடுத்துக்கொண்டு வாங்கோ. அப்பிடியே விடுப்புப் படிவமும் மூண்டு பிரதி எடுத்து வாங்கோ. நாலு மணிக்குள்ளை குடுத்தால்தான் செல்லும்."

வெள்ளைக் கட்டடம் அரைக் கிலோமீற்றர் தூரம். வெயில் என்றால் எங்கள் பக்கத்துச் சித்திரை வெயில், வழியில் ஒரு மரம் இல்லை. அவர் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து நிர்வாகத்தில் இருந்த கிளார்க் பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்தேன். ஒரு ஐயா வருவார், அவசரப்படாமல் கவனியுங்கோ என்று மட்டும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த உருப்படியான கோல் அதுதான்.

ஜெரோம் இறங்கி வந்து தகப்பனுக்கு முன் கதிரையில் இருந்தான். தகப்பன் வெயிலில் கறுத்த, ஒடிசலான மனிதர். பிள்ளையின் தலையைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய விடுதி விதிமுறைகளை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தார். தாய் மடியில் ஒரு பார்சலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தா. நான் மூலையில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"அப்பா, மாமா பாத்த இடத்துக்கு நான் போகமாட்டன்" என்று தொடங்கினான். "என்னாலை ஒருத்தருக்குப் பெண்சாதியா இருக்கேலாது. நான் பெடியன் அப்பா. சின்னனிலை இருந்தே அப்பிடித்தான். உங்களை வெக்கப்படுத்தவேணும் எண்டு செய்யேல்லை. இனியும் பொய்க்கு இருக்க எனக்கு ஏலாது. என்னைப் படிக்க விடுங்கோ. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

மின்விசிறி கறகறவென்று சுற்றியது. என் வாய்க்குள் பத்து வசனம் வந்து நின்றது. பிள்ளை நல்ல கெட்டிக்காரன், இந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரணம், டொக்டர்மாரே சொல்கிறார்கள். ஒவ்வொன்றாக விழுங்கினேன். மகப்பேற்று நேரத்தில்கூட நான் அவ்வளவு பல்லைக் கடித்ததில்லை.

தகப்பன் சுவரில் இருந்து கண்ணை எடுத்தார்.

"சோதினை எப்ப?"

"திங்கட்கிழமை, அப்பா."

"எத்தினை பேப்பர்?"

"ஆறு."

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "மிஸ், சோதினைக்கு மூண்டு நாள் கிடக்கு. இந்த நேரத்திலை என்னத்துக்கு எங்களைக் கூப்பிட்டனீங்கள்? தலைமயிரைப் பற்றிச் சோதினையிலை கேள்வி வருமோ? தொழிலையும் விட்டிட்டு, வாடகைக்கு வானும் எடுத்து, பிள்ளையின்ரை படிப்பையும் குழப்பி... ஒரு பொறுப்பான ஆள் செய்யிற வேலையோ இது?"

நான் வாயைத் திறந்தேன். ஜெரோம் என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் பேச்சு வாங்கியதில்லை.

எழும்பும்போது தகப்பன் சொன்னார். "மற்றக் கதையை நான் இப்ப கேக்கேல்லை. கேக்கவேண்டிய நேரம் கேக்கிறன். போய்ப் படி." அவர் ஏற்றுக்கொண்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜெரோமுக்கும் அது தெரியும், முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை விடுதிக் கட்டிலைக் காலி பண்ண வேண்டிய தேவை அன்றைக்கு இல்லாமல் போய்விட்டது.

தாய் பார்சலை அவன் கையில் கொடுத்தா. இறால் பொரியல், அறை முழுக்க மணந்தது. எனக்கு ஒன்றும் தரவில்லை. வாசலில் என்னைத் தனியே பிடித்தா.

"எனக்கு முதலே தெரியும் மிஸ். ஏழு எட்டு வயசிலையே தெரியும். வெளியிலை தெரியாமல் பாத்துக்கொண்டு இருந்தனான், படிப்பு முடியட்டும், கையிலை ஒரு தொழில் வரட்டும் எண்டு. நீங்கள் ஒரு கோலிலை எல்லாத்தையும் அவிட்டு விட்டிட்டியள்."

"பிழைதான் அம்மா" என்றேன்.

"சரி, நடந்தது நடந்திட்டுது. இனி என்னோடை கதைக்கிறதெண்டால் பத்து மணிக்குப் பிறகு எடுங்கோ. அவர் கடலாலை வந்து நித்திரை. நான் உள் அறைக்குப் போய்க் கதைப்பன். முதல்லை பிள்ளையிட்டைக் கேட்டிட்டு எடுங்கோ."

அந்த நேரம் மாமன் வேர்க்க விறுவிறுக்க, மூன்று பிரதியையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வந்தார். "எல்லாம் எடுத்தாச்சு! பிள்ளை எங்கை?" தகப்பன் வானில் ஏறியிருந்தார். "ஏறு, போவம்" என்று மட்டும் சொன்னார். பாவம் மாமன். அந்தத் துண்டை வளாகத்தில் எடுத்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

பரீட்சை ஆறையும் ஜெரோம் எழுதினான். அதற்குப் பிறகு நான் அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றும் செய்தேன். விடுதியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட, யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்றெல்லாம் கேட்டேன். நான் நினைத்த பெரிய பெரிய உதவிகள் ஒன்றும் அவனுக்குத் தேவைப்படவில்லை. உள்ளே கொண்டி போடக்கூடிய ஒரு தனிக் குளியலறைதான் கேட்டான். கீழ்த்தளத்தில் குளியலறையோடு கூடிய நோயாளர் அறை ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. "பூட்டி வைச்சால் பல்லிதான் குடியிருக்கும்" என்று வோடனிடம் சொல்லி அதை வாங்கிக் கொடுத்தேன். வோடன் காரணம் கேட்கவில்லை. அவருக்குக் கையெழுத்து வைப்பதில் பிரியம். கடைசி வருடத்தில் ஜெரோம் தானே விரும்பி, கூடப் படித்த இரண்டு பெடியன்களோடு வெளியில் அறை எடுத்துப் போனான்.

ஒரு பிள்ளையிடம் ஒழுங்காக நடந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும். பிறகு வேறு சிலரும் என் கதவைத் தட்டினார்கள். இன்னொரு பெண்பிள்ளையில் விருப்பம் வந்து, அது சரிவராமல் போய் அழுதுகொண்டு வந்தாள் ஒருத்தி. என்ன செய்ய என்று கேட்டேன். அழுது முடியுமட்டும் கதவைச் சாத்தி வையுங்கோ என்றாள். சாத்தி வைத்தேன். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆணிலும் விருப்பம் வரும், பெண்ணிலும் விருப்பம் வரும் என்று ஆண்கள் விடுதியில் இருந்து வந்த ஒரு பெடியன் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன், பொறுமையாக இரண்டு தரம் சொன்னான். விளங்காததை விளங்கின மாதிரித் தலையாட்டுவதைவிட அது மேல் என்று பிறகு என்னிடமே சொன்னான்.

ஒன்றிரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்வதைக் குற்றமென்று சொல்லுகிற பழைய சட்டம் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. ஆகவே விடுதியில் நடப்பதைப் பதிகிற சம்பவப் புத்தகத்தில் பேனையை வைக்கும் முன், அதை யார் யார் பிரித்துப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். பிள்ளை உயிருக்கு ஏதும் செய்துகொள்ளும் என்று கண்டால் டொக்டரைக் கூப்பிடுங்கள், அதில் தயங்கவேண்டாம். அப்போதும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். வருட ஆரம்பத்தில் புதுப் பிள்ளைகள் வரும்போது, உனக்கு ஏதும் என்றால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள். ஒருத்தி அக்காவைச் சொல்வாள், ஒருத்தி பழைய ரீச்சரைச் சொல்வாள். தகப்பன் பெயர் வந்தே ஆகவேண்டும் என்று இல்லை.

இனி ஜெரோமின் மிச்சக் கதை. இரண்டாம் வருடத்து அந்தப் பரீட்சை முடிந்து மூன்று கிழமை விடுமுறை வந்தது. வீட்டுக்குப் போக அவனுக்குப் பயம். தாய் கதைத்து, வா என்று சொன்ன பிறகுதான் பையைக் கட்டினான். போகும்போது என்னிடம், "நான் கோல் எடுக்காட்டில் நீங்களும் எடுக்காதேங்கோ அன்ரி" என்றான். அந்த மூன்று கிழமையும் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கோப்பு இருந்த தட்டுப் பக்கம் போகாமல் இருக்க, கதிரையை அடுத்த சுவருக்கு மாற்றிப் போட்டேன்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை அவன் வந்து இறங்கினான். முகம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது.

"ஆரடா அடிச்சது? கொப்பரோ, மாமனோ?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை அன்ரி. கயிறு இழுத்தது. அப்பா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்."

கரைப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஊரில் பெண்பிள்ளைகள் வலையில் மீன் கழற்றுவார்கள், கருவாடு காயப்போடுவார்கள், மீன் விலை பேசுவார்கள். வள்ளத்தில் ஏறமாட்டார்கள், ஏற்றவும் மாட்டார்கள். தகப்பனுடைய வள்ளத்தில் மகன்தான் போவான். அவன் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. விடியக் காலமை வந்து காலிலை தட்டினவர். 'எழும்பு, வள்ளத்துக்கு ஆள் காணாது' எண்டவர். போய்ப் பாத்தால் மாமாவும் வள்ளத்திலை. அவர் என்னைப் பாத்திட்டு, ஒண்டும் கதைக்காமல் தள்ளி இருந்து இடம் விட்டவர்."

"பிறகு?"

"பிறகென்ன, கரை மறையமுன்னமே சத்தி. குடல் வெளியிலை வந்திடுமோ எண்ட மாதிரி. மாமா விழுந்து விழுந்து சிரிச்சார். அப்பா முதுகைத் தடவித் தண்ணிப் போத்தலைத் தந்திட்டு, 'முதல் நாள் எல்லாப் பெடியளுக்கும் அப்பிடித்தான்' எண்டவர்."